எழுபது வளைவு தாண்டினால் கொல்லிமலை!



விடுமுறை வந்துவிட்டால் வீட்டில் ஒரு பேச்சு கட்டாயம் எழும். "எங்கேயாவது கூட்டிட்டுப் போங்கப்பா" என்று நீங்கள் கேட்பீர்கள். அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "அடுத்த லீவுக்குப் பார்க்கலாம்" என்பார். சரிதானே?

இன்று நாம் போகப்போகும் இடத்துக்கு அவ்வளவு செலவு ஆகாது. அந்த இடத்தை எனக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு சிறுமியின் கேள்வி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாமக்கல் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஊட்டிக்குச் சுற்றுலா அழைத்துப் போனோம். வகுப்பில் 38 பேர். பணம் கட்டி வந்தவர்கள் 29 பேர்தான்.

திங்கட்கிழமை வகுப்பு முழுவதும் ஊட்டிக் கதை. பூங்கா, படகு, மலை ரயில் என்று ஒருவர் விட்டால் இன்னொருவர் ஆரம்பித்தார்கள். மீதி 9 பேரும் குனிந்த தலை நிமிராமல் நோட்டைப் புரட்டிக்கொண்டு இருந்தார்கள். மணி அடித்ததும் அந்த ஒன்பது பேரில் ஒரு சிறுமி என் மேசைப் பக்கம் வந்தாள்.

"டீச்சர், எல்லாருமே போற மாதிரி ஊர் எதுவும் இல்லையா டீச்சர்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். வடகிழக்கே நீலமாக ஒரு மலை படுத்திருந்தது. தினமும் பார்க்கிற மலைதான். கொல்லிமலை!

அடுத்த மாதம், புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, 38 பேரும் கிளம்பினோம். தனி பஸ் கிடையாது. அரசுப் பேருந்துதான். ஆளுக்கு ஒரு பொட்டலம் புளிச்சோறு, ஒரு பாட்டில் தண்ணீர். வாருங்கள், நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள்!

மலை எங்கே இருக்கிறது?

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. நாமக்கல் முன்பு சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. 1997 ஜனவரி 1 அன்று தனி மாவட்டம் ஆனது.

மேற்குத் தொடர்ச்சி மலை நீண்ட சுவர் போல இருக்கும். கிழக்குத் தொடர்ச்சி மலை அப்படி இல்லை. இடையிடையே விட்டு விட்டுத் தனித்தனி மலைகளாக நிற்கும். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை எல்லாம் அந்தக் குடும்பம்தான். கொல்லிமலையும் அவற்றில் ஒன்று. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம்.

நாமக்கல்லிலிருந்து மலைக்குச் சுமார் 55 கிலோமீட்டர். நாமக்கல், சேலம், இராசிபுரம் ஊர்களிலிருந்து மலைக்கு நேராகப் பேருந்து உண்டு. அடிவாரத்து ஊரின் பெயர் காரவள்ளி. அங்கிருந்துதான் வேடிக்கை ஆரம்பம்!

எண்ணிக்கொண்டே வாருங்கள்!

காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காடு போவதற்குள் சாலை 70 இடங்களில் திரும்புகிறது. சாதாரணத் திருப்பம் இல்லை. அம்மா தலையில் குத்தும் கொண்டை ஊசியைப் பார்த்திருக்கிறீர்களா? போன கம்பி அப்படியே வளைந்து பக்கத்திலேயே திரும்பி வருமே, அதே மாதிரி. அதனால்தான் 'கொண்டை ஊசி வளைவு' என்று பெயர். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும்.

எங்கள் பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ண ஆரம்பித்தார்கள். இருபதாவது வளைவில் பாதிப் பேர் குரல் அடங்கிவிட்டது. நாற்பதில் இரண்டு பேருக்கு வாந்தி! எழுபதை எண்ணியபோது பேருந்தில் இருந்த பெரியவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

சரி, ஒரு கேள்வி. நேராக ஒரே சாலை போட்டிருந்தால் சீக்கிரம் போய்விடலாமே! எதற்கு இத்தனை வளைவு?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு தாளைச் செங்கோண முக்கோணமாக வெட்டுங்கள். நீளமான சாய்ந்த பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போடுங்கள். செங்குத்தான பக்கத்தை ஒரு பென்சிலோடு ஒட்டி வைத்து, தாளைச் சுற்றுங்கள். சிவப்புக் கோடு பென்சிலைச் சுற்றிச் சுற்றி மெதுவாக மேலே ஏறும். பென்சில்தான் மலை. சிவப்புக் கோடு சாலை. கோடு எவ்வளவு நீளமோ, ஏற்றம் அவ்வளவு குறைவு! செங்குத்தாக ஏற எந்த பஸ்ஸாலும் முடியாது. அதனால் பொறியாளர்கள் சாலையை நீட்டி, மலையின் ஒரே பக்கத்தில் மடித்து மடித்துப் போடுகிறார்கள்.

இன்னும் இரண்டு விஷயம் கவனியுங்கள். மலைச் சாலையில் மேலே ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கும் வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது கஷ்டம் அல்லவா?

இரண்டாவது, குளிர். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். கீழே 34 டிகிரி என்றால், மேலே எவ்வளவு? நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்! காது அடைத்தால் பயப்பட வேண்டாம். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதால் அப்படி ஆகிறது. எச்சிலை விழுங்கினால் 'பட்'டென்று திறந்துகொள்ளும்.

அன்னாசி மணக்கும் சந்தை

மேலே ஏறியதும் முதலில் வருவது சோளக்காடு. இங்கே ஒரு பழச் சந்தை உண்டு. அன்னாசி, மலைவாழை, பருவத்தில் பலாப்பழம், மிளகு, காப்பிக்கொட்டை, தேன் எல்லாம் கிடைக்கும். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய ஒரு கீற்று அன்னாசியைக் கடித்தால் வாந்தி வந்தவனுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

சாலையோரம் உயரமான சில்வர் ஓக் மரங்களைப் பாருங்கள். மரத்தைச் சுற்றிப் பச்சைக் கொடி ஒன்று ஏறியிருக்கும். அதுதான் மிளகுக்கொடி. கீழே நிழலில் காப்பிச் செடி. ஒரே இடத்தில் மேல் மாடியில் மிளகு, கீழ் மாடியில் காப்பி!

இன்னொரு அதிசயக் கிழங்கும் இங்கே உண்டு. பெயர் முடவாட்டுக்கால். மேலே பழுப்பு நிற ரோமம் மூடி, பார்க்க ஆட்டுக்கால் போலவே இருக்கும். பாறையையும் மரத்தையும் பற்றிக்கொண்டு வளரும் ஒரு வகைப் பெரணிச் செடியின் தண்டு அது. அதில் சூப் வைத்து விற்பார்கள். இது சைவ ஆட்டுக்கால் சூப்!

பெயர் சொல்லாத வள்ளல்

அடுத்து செம்மேடு. கொல்லிமலையின் முக்கியமான ஊர் இதுதான். இங்கே வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்கள் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பாரி, பேகன், காரி என்று வரும் அந்த ஏழு பேரில் ஒருவர் ஓரி. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் இந்த மலையை ஆண்டவர்.

புறநானூற்றில் வன்பரணர் என்ற புலவர் ஓரியைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்கிறார். பேருந்திலேயே அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

பசியோடு பாணர் கூட்டம் ஒன்று காட்டு வழியே வருகிறது. அங்கே ஒரு வேடன் வில்லோடு நிற்கிறான். அவன் விட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, காட்டுப் பன்றியையும் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது! 'இவன் வெறும் வேடன் இல்லை' என்று பாணர்களுக்குத் தோன்றுகிறது. அவனைப் புகழ்ந்து பாடுகிறார்கள். அவனோ வெட்கப்பட்டு நிற்கிறான். மான் கறி கொடுக்கிறான். தேனும் மலையில் கிடைத்த பொன்னும் கொடுக்கிறான். ஆனால், தான் யார் என்று மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வேடன்தான் ஓரி!

திருக்கோவலூர்ப் பக்கம் ஆண்ட மலையமான் திருமுடிக்காரி என்ற இன்னொரு வள்ளல், போரில் ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். வேடிக்கை என்ன தெரியுமா? ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றுதான் பெயர். காரியின் குதிரைக்குப் பெயர் காரி!

ஆண்டுதோறும் ஆடி 17, 18 நாள்களில் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. ஆகஸ்டு 2, 3 தேதிகளை ஒட்டி வரும். மலர்க் கண்காட்சியும் வில்வித்தைப் போட்டியும் உண்டு. அப்போது கூட்டம் அதிகம். ஆனால் பார்க்க வேண்டிய கூட்டம்.

புல்லா, பயிரா?

செம்மேட்டுக்கு அப்பால் ஓரிடத்தில் பேருந்து கொஞ்ச நேரம் நின்றது. சாலையோரம் முழங்கால் உயரத்துக்குப் புல் போல ஏதோ விளைந்து தலை சாய்த்திருந்தது. "மாடு மேயுற புல்லுடா" என்றான் ஒருவன்.

"புல்லு இல்ல. சாமை" என்று பின்னால் ஒரு குரல். யார் என்று திரும்பிப் பார்த்தேன். வகுப்பில் வாயே திறக்காத பையன்! ஊட்டிக்கு வராத ஒன்பது பேரில் அவனும் ஒருவன். அவனுடைய பாட்டி ஊர் இந்த மலையிலேயே இருக்கிறது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. "இது சாமை. அங்க தெரியறது கேழ்வரகு. நரி வாலு மாதிரி இருக்கே, அது தினை" என்று காட்டிக்கொண்டே வந்தான். பிள்ளைகள் எல்லாரும் அவன் இருந்த பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

கொல்லிமலையில் வாழும் பழங்குடி மக்களை 'மலையாளிகள்' என்று சொல்வார்கள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்! மலையை ஆளும் மக்கள் என்பதால் அந்தப் பெயர். பேசுவது தமிழ். இங்குள்ள ஊர்த் தொகுதிகளை 'நாடு' என்கிறார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று 14 நாடுகள் இருக்கின்றன. ஒரே நாளில் பல நாடு சுற்றலாம், பாஸ்போர்ட் இல்லாமல்!

இந்த மக்களின் பழைய உணவு சாமை, தினை, கேழ்வரகு. சாமையின் உமி கெட்டியானது. உரலில் போட்டு உலக்கையால் குத்திக் குத்திப் பெண்களுக்குக் கை கன்றிப் போகும். பிறகு ஜவ்வரிசி ஆலைகளுக்காகக் குச்சிக்கிழங்கு பயிரிடுவது பெருகியது. மரவள்ளிக் கிழங்கைத்தான் இந்தப் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். அதில் கையில் காசு கிடைத்தது. சாமை வயல் குறைந்தது.

1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே ஊர் மக்களோடு சேர்ந்து பழைய விதைகளைக் காப்பாற்றும் வேலையைச் செய்துவருகிறது. ஊரிலேயே விதை வங்கிகள் அமைத்தார்கள். சாமையின் உமி நீக்கும் இயந்திரங்களும் வந்தன. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது நினைவிருக்கிறதா? அந்தச் சிறுதானியங்களை வயலிலேயே பார்க்க வேண்டுமானால் இங்கே வரலாம். ஆவணி, புரட்டாசி வாக்கில் வந்தால் கதிரோடு பார்க்கலாம். வயலுக்குள் இறங்கி மிதிக்கக் கூடாது, என்ன?

மீன்களுக்குப் பொரி!

கடைசி நிறுத்தம் பெரியகோவிலூர். இங்கேதான் அறப்பளீசுவரர் கோயில் இருக்கிறது. திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் தங்கள் பாடல்களுக்கு நடுவே இந்தத் தலத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். இப்படித் தனிப் பதிகம் இல்லாமல் பெயர் மட்டும் வரும் தலத்தை 'வைப்புத் தலம்' என்பார்கள். பிற்காலத்தில் அம்பலவாணக் கவிராயர் பாடிய 'அறப்பளீசுர சதகம்' இந்தச் சாமியைப் பற்றியதுதான். சதகம் என்றால் நூறு பாட்டு. நல்ல பிள்ளை யார், நல்ல ஆசிரியர் யார் என்றெல்லாம் அதில் சொல்லியிருக்கிறது.

கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றில் மீன்கள் கூட்டம் கூட்டமாக இருக்கும். யாரும் பிடிக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் ஒருவர் மீனைப் பிடித்து அறுத்துக் குழம்பு வைத்தாராம். அந்த மீன் துண்டுகள் ஒன்று சேர்ந்து உயிர் பெற்றுத் துள்ளி ஆற்றுக்கே போய்விட்டதாம்! இது மக்கள் சொல்லும் கதை. ஆனால் கதையால் ஒரு நன்மை பாருங்கள். இந்த ஆற்று மீன்களை இன்றும் யாரும் தொடுவதில்லை. பொரி வாங்கிப் போட்டால் தண்ணீர் கொதிப்பது போல மீன்கள் மேலே வரும்.

ஆகாய கங்கையும் ஆயிரம் படிகளும்

கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆகாய கங்கை அருவிக்குப் படி இறங்குகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள்! மற்ற மலைகளில் முதலில் ஏறுவோம், பிறகு இறங்குவோம். இங்கே தலைகீழ். முதலில் இறக்கம், களைத்த பிறகு ஏற்றம். அதனால் தாத்தா, பாட்டியைக் கோயிலிலேயே உட்கார வைத்துவிடுங்கள்.

கீழே போனால், ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. ஒரு மாடிக்குப் பத்து அடி என்று வைத்துக்கொண்டால் 30 மாடிக் கட்டடம்! தண்ணீர் கீழே வருவதற்குள் பாதி சாரலாகிக் காற்றில் பறக்கும். தூரத்தில் நின்றாலே நனைந்துவிடலாம். இந்தத் தண்ணீர்தான் மலைக்குக் கீழே திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலை வழியாக ஓடுகிறது.

குழந்தைகளே, இந்த இடத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் என் கட்டுரை முழுமையாகாது.

எங்கள் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓரத்துத் தண்ணீரில் இறங்கினார்கள். ஆழமில்லாத இடம்தான். இரண்டே நிமிடத்தில் ஒரு பையன் "அம்மா!" என்று அலறினான். காலைத் தூக்கினான். உள்ளங்கால் பிளந்து ரத்தம் கொட்டியது. தண்ணீருக்கு அடியில் உடைந்த பாட்டில்! யாரோ குடித்துவிட்டு வீசிப் போனது.

சுத்தமான துண்டை மடித்துக் காயத்தின் மேல் அழுத்திக் கட்டினோம். காலை உயர்த்திப் பிடித்துக்கொண்டோம். ஆனால் மேலே ஆயிரம் படி! நடக்க முடியாத பிள்ளையை எப்படி ஏற்றுவது?

அந்தப் பேசாத பையன் சொல்லிக்கொடுத்தான். இரண்டு பேர் கைகளைக் கோத்து நாற்காலி போலப் பிடித்தார்கள். அவனை அதில் உட்கார வைத்தார்கள். இருபது படிக்கு ஒரு ஜோடி என்று மாறி மாறித் தூக்கினார்கள். ஊட்டிக்குப் போனவன், போகாதவன் என்ற கணக்கெல்லாம் அங்கே இல்லை. பாதிப் படி வருவதற்குள் எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. அதற்குள் பேசாத பையன் மேலே ஓடி, நெல்லிக்காய் விற்றுக்கொண்டிருந்த ஒருவரை அழைத்து வந்துவிட்டான். அவர் கூடையை ஓரமாக வைத்தார். குனிந்து, "ஏறிக்க கண்ணு" என்றார். மீதிப் படி முழுவதும் அவர் முதுகில்தான் ஏறினான் எங்கள் பையன்.

மேலே வந்ததும் அவரிடம் பணம் நீட்டினேன். வாங்கவில்லை. "உங்க பேராவது சொல்லுங்கண்ணா" என்றேன். சிரித்துவிட்டு, கூடையை எடுக்க மறுபடி படியிறங்கிப் போனார்.

"டீச்சர், ஓரி!" என்றாள் அந்தச் சிறுமி.

மலையிலேயே இருந்த மருத்துவமனையில் 4 தையல் போட்டு, தடுப்பூசி போட்டார்கள். அதற்குள் மாலையாகிவிட்டது. வாசலூர்பட்டிப் படகுத்துறைக்குப் போகலாம் என்று சொல்லி வைத்திருந்தேன். 38 பேரும் அதற்காகக் காத்திருந்தார்கள். போக முடியவில்லை. கடைசிப் பேருந்தைப் பிடித்து ஊர் திரும்பினோம்.

அன்று பார்க்காமல் விட்டவை

பிறகு பலமுறை போயிருக்கிறேன். அன்று பார்க்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

வாசலூர்பட்டிப் படகுத்துறை: சிறிய ஏரி. சிறு கட்டணத்தில் படகில் சுற்றி வரலாம். தாவரவியல் பூங்காவும் உண்டு.

மாசிலா அருவி, நம் அருவி: ஆகாய கங்கை போல உயரம் இல்லை. அதிகம் இறங்கவும் வேண்டியதில்லை. தம்பி, தங்கைகளோடு போகிறவர்களுக்கு ஏற்ற இடங்கள்.

சீக்குப்பாறை: இங்கிருந்து பார்த்தால் கீழே சமவெளி விரித்த பாய் போலத் தெரியும். சில நாள் மேகம் நம் காலுக்குக் கீழே போகும்! கம்பி வேலியைத் தாண்டக் கூடாது.

எட்டுக்கை அம்மன் கோயில்: நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகிய சங்க நூல்களில் 'கொல்லிப்பாவை' என்ற அழகிய பெண் உருவம் பேசப்படுகிறது. காற்று அடித்தாலும் இடி இடித்தாலும் அதன் அழகு குறையாதாம். அந்தக் கொல்லிப்பாவைதான் இந்த அம்மன் என்று மக்கள் நம்புகிறார்கள்.

திரும்பும் வழியில் நாமக்கல்லில் இறங்கினால், ஒரே பாறையாக நிற்கும் மலையின் மேல் கோட்டை. அடிவாரத்தில் பாறையைக் குடைந்து செய்த நரசிம்மர் கோயில். எதிரே 18 அடி உயர ஆஞ்சநேயர். அவருக்கு மேலே கூரை கிடையாது, வானம்தான்!

ஒரு கணக்கு நோட்டு

சுற்றுலா முடிந்த திங்கட்கிழமை, "போய் வந்த செலவை எல்லாரும் கணக்கு நோட்டில் எழுதுங்கள்" என்றேன். இந்த முறை யாரும் குனிந்துகொண்டு இருக்கவில்லை. 38 நோட்டும் என் மேசைக்கு வந்தன. என்னிடம் முதலில் கேள்வி கேட்ட சிறுமி எழுதியிருந்தது இப்படி:

பேருந்து, போக. பேருந்து, வர. அன்னாசி ஒரு கீற்று. மீனுக்குப் பொரி. இந்த நான்குக்கும் நேரே தொகை எழுதிக் கூட்டியிருந்தாள். அதன் கீழே:

'மேகம் – காசு இல்லை.
அருவிச் சாரல் – காசு இல்லை.
ஓரி கதை – காசு இல்லை.
தூக்கிட்டு வந்த அண்ணன் – காசு வாங்கலை.
யாரோ போட்ட பாட்டில் – 4 தையல். 38 பேருக்குப் படகு போச்சு.'

மதிப்பெண் போடுவதற்குச் சிவப்புப் பேனாவை எடுத்த நான், கடைசி வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மலைக்குப் போக நமக்கு அதிகச் செலவு இல்லை. நாம் அங்கே போட்டுவிட்டு வரும் குப்பைக்குத்தான் செலவு அதிகம். அந்தச் செலவை யாரோ ஒரு குழந்தை கொடுக்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பல பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனால் தடை போட்டால் மட்டும் போதுமா? கண்ணாடித் துண்டைக் கண்டால் நீங்களாக எடுக்காதீர்கள். பெரியவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். உங்கள் குப்பையை உங்கள் பையிலேயே கீழே கொண்டு வாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் எதையாவது வீசப் போனால், "போடாதீங்க" என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

கிளம்புவதற்கு முன்...

* காலை முதல் பேருந்தைப் பிடியுங்கள். ஆகாய கங்கை பார்க்க ஒரு நாளில் பாதி வேண்டும். கடைசிப் பேருந்து நேரத்தை ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.
* வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வளைவு ஏறாதீர்கள். முன்பக்கம் உட்கார்ந்து, தூரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தால் தலை சுற்றாது.
* கட்டுச்சோறு, தண்ணீர், ஸ்வெட்டர், துண்டு, பிடிமானமுள்ள செருப்பு, ஒரு காலிப் பை. இவ்வளவுதான் சாமான்.
* அருவியில் செருப்போடு இறங்குங்கள். மழை பெய்து தண்ணீர் பெருகினால் வனத்துறையினர் அனுமதிக்க மாட்டார்கள். அடம் பிடிக்காதீர்கள்.
* வழியில் குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கினால், சாலையில் வந்து நின்று வண்டியில் அடிபடும்.
* பழம், தேன், மிளகு, சாமை எதையும் மலை மக்களிடமே வாங்குங்கள். இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேச வேண்டாம்.

போய் வந்ததும் நீங்களும் ஒரு கணக்கு எழுதுங்கள். அதில் 'காசு இல்லை' வரிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அந்தச் சிறுமி எழுதிய கடைசி வரி மட்டும் உங்கள் கணக்கில் வராமல் இருக்கட்டும்!